அணில் கடித்த அணில்

ராஜபாளையத்தில் வெண்கலச் சிலை வார்ப்பவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் முன்னாள் ராணுவக்காரர் ஒருவர் மலையணில் சிலை கேட்டிருந்தார். தேன்மெழுகில் உருவம் செய்து, நிஜ அணில்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர் தோப்புக்கே கொண்டுபோனேன். மெழுகில் கீறல் விழுந்தால் வெண்கலத்திலும் அப்படியே வந்துவிடும் என்று பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.

அதைக் கிளையில் வைத்துவிட்டு டீ குடித்துத் திரும்பினால், ஒரு மலையணில் என் அணிலின் காதைக் கடித்துக்கொண்டிருந்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தோப்புக்காரரோ விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்குப் போயா கலங்குறீக தம்பி? அதுக்கே பிடிச்சுப்போச்சு, பொறவு எனக்கென்ன? அப்படியே வார்த்திருங்க!"

வார்த்தேன். வழக்கமாக அடியில் என் பெயரைப் பொறிப்பேன். இதில் பொறிக்கவில்லை, அணில் முந்திக்கொண்டுவிட்டது.