மயிலாத்தாள் தலையில் சேலை போடமாட்டாள்

சித்திரை வெயிலில் மில் லைன் வீதியில் நடக்கிற பெண்பிள்ளைகள் எல்லாரும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். மயிலாத்தாள் மட்டும் போடமாட்டாள். மண்டை பிளக்கிற வெயிலில் வெறுந்தலையோடு, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு விறுவிறுவென்று போவாள். உத்தியோகத் திமிர் என்றார்கள் சில பேர். கிறுக்கு என்றார்கள் சில பேர். அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேச நம் ஜனங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு காட்டு ஊர் அவளுக்கு. மழை மூன்று வருஷம் கையை விரித்ததும், புருஷன் பொங்கியண்ணன் கோயம்புத்தூர் மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். அது முப்பத்து நாலாம் வருஷம். இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவில் பிறந்த மகள் பாவாத்தாளை, ஐந்து வயசுப் பிள்ளையை, மயிலாத்தாளின் அண்ணன் காளிச்சாமியின் தோட்டத்தில் விட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது.

"ஊமைப் புள்ள இருக்கற ஊடுன்னு தெரிஞ்சா நாளைக்குப் பசங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றான் பொங்கியண்ணன். மயிலாத்தாள் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

ஊரில் இருந்தபோதும் ஒளித்துத்தான் வைத்தார்கள். ஒறம்பரை வந்தால், அதாவது சொந்தபந்தம் யாராவது வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டால், பிள்ளை கண்ணில் படக்கூடாது. காது கேட்காத குழந்தைக்கு அதை எப்படிச் சொல்வது? மயிலாத்தாள்தான் வழி கண்டுபிடித்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டால் ஆள் வருகிறது என்று அர்த்தம். உடனே பாவாத்தாள் மாடு கட்டுகிற கட்டுத்தரைக்குப் பின்னால் இருக்கிற சோளத்தட்டுப் போருக்கு ஓடி, அதன் மறைவில் குந்தி, வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஒரு துண்டுக் கருப்பட்டி. பத்தே நாளில் படித்துக்கொண்டது. கெட்டிக்காரப் பிள்ளை.

முப்பத்து ஏழில், காது கேளாத பிள்ளைகளுக்கென்று நகரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். பெஞ்சு வந்தது, கண்ணாடி வந்தது, மதராஸில் படித்துவிட்டு வந்த கோமளா டீச்சர் வந்தார். பிள்ளைகள்தான் வரவில்லை. எந்த வீட்டில் கேட்டாலும் "இங்க அப்படி யாருமில்லீங்க" என்றார்கள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, பெற்றவர்களிடம் பக்குவமாகப் பேசிக் கூட்டிவர ஆறு பெண்களைப் பழக்குவதென்று முடிவாயிற்று. விசிட்டர் என்று பேர். நாலாவது வரை படித்த மயிலாத்தாள் மனுப் போட்டாள்.

"கொழந்தைங்க எத்தனைங்க?" என்று கேட்டார் கோமளா டீச்சர், பேனாவை வைத்துக்கொண்டு.

"ரெண்டுங்க."

இரண்டு என்று எழுதிக்கொண்டார்.

நாலு மாசப் பயிற்சி. ஐயோ பாவம் என்ற சொல் வாயில் வரக்கூடாது. பிள்ளையின் முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில் நின்று பேச வேண்டும். பிள்ளையை வைத்துக்கொண்டே அதைப் பற்றி இன்னொருத்தரிடம் பேசக்கூடாது. தாய்க்காரி அழுதால் அழுது முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். டீச்சர் மெழுகுவத்தி ஏற்றி வைத்து 'ப' என்று சொல்லிக் காட்டுவார். சுடர் ஆடும். அதைப் பார்த்துத்தான் பிள்ளை அந்த எழுத்தைப் படிக்கும். அந்தச் சுடரைப் பார்த்தபோது மயிலாத்தாளுக்கு நெஞ்சு பதறியிருக்க வேண்டாமா? ஒன்றும் ஆகவில்லை. கட்டை மாதிரி உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒருநாள் நடித்துப் பழகச் சொன்னார் டீச்சர். ஒருத்தி விசிட்டர், ஒருத்தி பிள்ளையை ஒளிக்கிற தாய். தாயாக மயிலாத்தாள் உட்கார்ந்தாள். மற்ற ஐந்து பேரும் மாறி மாறி வந்து கேட்டார்கள். சிரித்துப் பேசினாள், மோர் வேணுங்களா என்றாள், பையன்களின் படிப்பைப் பற்றி நீட்டி முழக்கினாள், ஒருத்தியையும் கட்டுத்தரைப் பக்கம் திரும்ப விடவில்லை. ஒரு மணி நேரம் ஆகியும் அவளிடமிருந்து ஒரு சொல் பிடுங்க முடியவில்லை.

"ஏனுங்க அக்கா, இத்தனை பொய்யை எங்கீங்க கத்துக்கிட்டீங்க?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மயிலாத்தாளும் சிரித்தாள். கோமளா டீச்சர் மட்டும் சிரிக்காமல் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையில் அவளை அடிக்க ஆளில்லை. மற்றவர்கள் பிள்ளை எத்தனை என்று கேட்பார்கள். மயிலாத்தாள் கேட்கமாட்டாள். கை கழுவத் தண்ணீர் கேட்டுப் பின்கட்டுக்குப் போவாள். கழுவிக் கவிழ்த்த வட்டல்களைப் பார்ப்பாள். ஒளித்து வைத்த பிள்ளைக்குத் தட்டு தனியாக, மாட்டுத் தொட்டி ஓரமாகக் கிடக்கும். அது எந்த வீட்டிலும் தப்பாது. அவள் வீட்டிலும் அப்படித்தான் கிடந்தது. ஒன்பது பிள்ளைகளைக் கண்டுபிடித்தாள். ஒன்பது தாய்மாரும் அவள் மடியில் தலையை வைத்து அழுதார்கள். அவளுக்குக் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை.

உக்கடத்துக் குளத்தங்கரை ஓரம் வெங்கடம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். பேசாத மகளை இரண்டு வருஷமாக உள்ளறையில் வைத்திருந்தவள். மயிலாத்தாள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்க புள்ளயா இருந்தா இப்படி ஊரறியக் கொண்டாந்து உடுவீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"உடுவேனுங்க," என்றாள் மயிலாத்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதில்தான் அது.

வெங்கடம்மாள் மகளை அனுப்பிவிட்டாள். மயிலாத்தாள் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், டீச்சர் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"எனக்கு மூணுங்க டீச்சர்."

கோமளா டீச்சர் பேனாவை மூடி வைத்தார். திட்டவில்லை. "வயசென்னங்க?" என்றார்.

"ஆவணி வந்தா ஒம்பது முடியுதுங்க."

பள்ளிக்கூடத்தில் ஒன்பது முடிந்த பிள்ளையைச் சேர்ப்பதில்லை. ஆனியில் வகுப்பு ஆரம்பம், மிச்சம் இருப்பது ஒரே இடம். இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான். "நாளைக்கே போலாம்," என்றார் டீச்சர். "புள்ள என் முகத்தைப் பார்த்து நின்னாப் போதும், எழுதிப்போடுவேன். ஆளைக் கண்டு மெரண்டு ஓடுச்சுன்னா கமிட்டிக்காரங்க ஒத்துக்கமாட்டாங்க. அதுவும் தெரிஞ்சுக்குங்க."

பொங்கியண்ணனிடம் சொல்லாமலே மறுநாள் டீச்சரோடு பஸ் ஏறினாள். வெள்ளகோவில் தாண்டி இறங்கி இரண்டு மைல் நடை. நல்ல உச்சிப்பொழுது. தோட்டத்துப் படலைத் தள்ளிக்கொண்டு இருவரும் நுழைந்தபோது, கிணற்று மேட்டில் பாவாத்தாள் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தைப் பொங்கல் நோம்பிக்குப் பார்த்தது. ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் குட்டியை விட்டுவிட்டு, வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தாள்.

அந்த நேரம் பார்த்து வீட்டு முன்கட்டு ஆசாரத்திலிருந்து காளிச்சாமி வெளியே வந்தான். கூடவே சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருத்தர். பெரிய மனுஷரைக் கண்டால் ஒரு கவுண்டச்சி என்ன செய்வாள்? வெயில் வேறு சுட்டது. மயிலாத்தாளின் கை தன்பாட்டில் போய் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டது.

பாவாத்தாள் பாதி வழியில் நின்றாள். அம்மாவின் தலையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. திரும்பி ஒரே ஓட்டமாகக் கட்டுத்தரைக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

"ஏன், என்னைக் கண்டு பயந்துபோச்சுங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

மயிலாத்தாள் தலையில் கிடந்த சேலையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எங்கே என்று தேடாமல், யாரையும் கேட்காமல், நேராகத் தட்டுப்போருக்குப் பின்னால் போனாள். பிள்ளை போரைப் பார்த்துக் குந்தியிருந்தாள். மூச்சு வாங்கியது. ஒரு கையால் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள். அம்மாவின் நிழல் மேலே விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு கையைக் கருப்பட்டிக்காக நீட்டினாள்.

மயிலாத்தாள் மடியில் கருப்பட்டி இல்லை.

டீச்சர் பின்னாலேயே வந்து நின்றார். பிள்ளை அவரைக் கண்டதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், நீயும் குந்து, நீயும் ஒளி என்று. டீச்சர் எதிரே வந்து உட்கார்ந்து முகத்தைக் காட்டினார், சிரித்தார், வெகுநேரம் பார்த்தார். பாவாத்தாள் முழங்காலுக்குள் புதைத்த தலையை எடுக்கவே இல்லை. அந்தக் கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

"இந்த வருஷம் எழுத முடியாதுங்க மயிலாத்தா," என்றார் டீச்சர் கடைசியில். "நான் என்ன செய்யட்டும்?"

"செரீங்க டீச்சர்," என்றாள் மயிலாத்தாள்.

அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். அவள் நின்று கேட்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பொதுக்கிணறு வழியாக, தண்ணீர் எடுக்கிறவர்கள் எல்லாரும் பார்க்க ரோட்டுக்கு நடந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்துப் பஸ் அது. மேற்கே போனதால் வெயில் நேராக முகத்தில் அடித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் சேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொருத்தி போடும்போதும் பாவாத்தாள் எழுந்து ஓடப் பார்த்தாள், பிறகு திரும்பி அம்மாவின் முந்தானையைப் பார்த்தாள். கோயம்புத்தூர் வரைக்கும் மயிலாத்தாள் இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்திருந்தாள்.