வெறும் வயிற்றோடு வரவேண்டிய காலை

ஹனோயில் ஒரு பள்ளிச் சுவரில் கண்ணாடி மாட்டி முடிவெட்டுகிறவர் கியெம். ஊரார் தலையெல்லாம் அவர் கைக்குப் பணியும். மகன் தோம் மட்டும் தலையைத் தொடவிடமாட்டான். அவன் தூங்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவார்.

"முடிவெட்டுறவன் புள்ள தலையில காடு வளருதுய்யா" என்று வாடிக்கைக்காரர்கள் சீண்டுவார்கள்.

"காட்டுக்குக் காவல்காரன் நான்தாண்ணே" என்பார்.

தோமுக்கு ஆட்டிசம். ஆறு வயதாகியும் பேச்சில்லை. இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து, ஸ்டெம் செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டு வழியே திரும்பச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனையில் அவனைச் சேர்க்க வேண்டுமென்று மனைவி லுவா பிடிவாதமாக நின்றாள். "பலன் இருக்குமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாதும்மா" என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். அந்த 'இன்னும்' லுவாவுக்குப் போதுமாயிருந்தது. கியெமுக்கு ஊசிதான் கண்ணில் நின்றது. வேண்டாமென்றால் மகனைக் கைவிட்டவனாகிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்டார்.

மயக்க மருந்துக்காக அன்று காலை தோம் எதுவும் சாப்பிடக் கூடாது. லுவா ரொட்டியை ஒளித்துவைத்தாள். பிறகு மூதாதையர் மாடத்தில் பாசிப்பருப்பு சேர்த்த ஒட்டரிசிச் சோறு படைத்து ஊதுபத்தி ஏற்றினாள். அதை ஒளிக்க யாருக்கும் தோன்றவில்லை. ரொட்டியின் மொறுமொறு ஓரம் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளை அவன்.

வண்டிச் சாவியைத் தேடி வந்த கியெம் அப்படியே நின்றார். மாடத்தடியில் நாற்காலி மேல் தோம், வாய் நிறைய மஞ்சள் சோறு. லுவாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமலே ஆஸ்பத்திரிவரை வண்டியை ஓட்டினார்.

"காலையில ஏதாவது சாப்பிட்டானா?" என்றார் டாக்டரம்மா.

கியெம் வாய் திறக்குமுன் லுவா சொன்னாள்: "சாப்பிட்டான். படையல் சோறு."

"தடுக்கலையா?"

"ஊதுபத்தி எரிஞ்சு முடிஞ்சிருச்சு, பெரியவங்க சாப்பிட்டாச்சு டாக்டரம்மா. அப்புறம் அது வீட்டுப் பிள்ளைக்குச் சேர்ந்ததுதானே." குரல் தாழ்ந்தது. "அவன் புதுசா ஒண்ணு தின்னு நான் பாத்ததே இல்ல. தடுக்கக் கை எழும்பல."

"இன்னைக்கு மயக்கம் குடுக்கக் கூடாது, புரையேறினா ஆபத்து. வேற நாள் வேணும்னா வெளியில கேட்டுக்குங்க."

வெளியே நாள் குறித்துக் கொடுக்கும் மேசையை லுவா நிற்காமல் கடந்தாள். கியெமும் நிற்கவில்லை. வண்டியருகே வந்த பிறகுதான் கியெம் கேட்டார்.

"பாத்தவ ஏன் வழியில சொல்லல?"

"நீங்க பாத்துட்டு ஏன் சொல்லல?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தெருமுனையில் அதே சோற்றை வாழையிலையில் வாங்கி நீட்டினார் கியெம். தோம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பெரியவங்க தின்ன மிச்சம்தான் இறங்குமாம் துரைக்கு" என்றாள் லுவா. "மடிச்சு எடுங்க. மாடத்துல வச்சுப் பாப்போம்."