மாமனாரின் துப்பாக்கியும் இரண்டு ஈயத் துண்டுகளும்

எங்கள் பூஜை மாடத்தில் சாமி படங்களுக்குக் கீழே இரண்டு ஈயத் துண்டுகள் இருக்கின்றன. விரல் நீளம்கூட இல்லை. ஒன்று வழவழவென்று இருக்கும். மற்றதன் மேல் திருகாணிக்கு இருப்பதுபோல் வரிகள் வளைந்து ஓடும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ மந்திரித்துக் கொடுத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். புகுந்த வீட்டில் என் மானம் இவற்றால்தான் நின்றது என்று சொன்னால் சிரிப்பார்கள். நிற்கவைத்தவர் என் மாமனார்.

யுத்த காலத்தில் ஒரு தை மாதம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். மாமனாரிடம் அவர் தகப்பனார் காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று லைசென்சோடு இருந்தது. குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்க வேண்டும். ஒருமுறை சுட்டால் மறுபடி முதலிலிருந்து. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போட்ட கொல்லையை உழுதுபோடும் காட்டுப் பன்றிகளுக்கு அது ஒன்றுதான் பதில். அவருக்கு அது சாமிச் சாமான். வெள்ளிக்கிழமை தவறாமல் இரும்புக் கம்பியில் துணி சுற்றி, புளியும் செங்கல் பொடியும் தொட்டு, குழலுக்குள் விட்டு விட்டு எடுத்துத் துலக்குவார். வேறு யாரும் தொடக்கூடாது. அதே கையோடு குத்துவிளக்கையும் துலக்கியிருந்தால் புதுமருமகளுக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

நான் வாழப் போன வருஷம் அவர் சுட்டதெல்லாம் தப்பியது. பன்றிகள் கோடைப் பயிரில் பாதியைத் தின்றுவிட்டுப் போயின. அந்த வீட்டிலேயே இருந்த மாமனாரின் தங்கைக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. "எங்கண்ணன் குறி தப்பி நான் பாத்ததில்ல. எந்த நேரத்துல இவ கால எடுத்து வெச்சாளோ!" என்றார். கிணற்றடி முழுக்க அதே பேச்சு. முந்தின வருஷங்களிலும் தப்பியதுண்டு என்று என் வீட்டுக்காரர் தனியாக என்னிடம் சொன்னார். தனியாகச் சொல்லி என்ன பிரயோசனம்? மாமனாரோ மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஆடிக்கு என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக அண்ணன் வந்தபோது அந்த அத்தை, "மல்லாட்ட புடுங்கறவரைக்கும் அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார். ஆடிப் பட்டத்து மல்லாட்டையைப் பிடுங்கக் கார்த்திகை ஆகும். ஆடிக்குப் போன பெண்ணை ஆவணியில் அழைக்க வராவிட்டால் ஊர் அதற்கு வேறு பெயர் வைக்கும். அம்மா சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரே ரயிலேறி வந்து இறங்கினார். தோளில், பழைய வேட்டியில் சுற்றிய துப்பாக்கி. உறவை முறித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா நடுங்கினாள். அவர் வந்தது, ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த என் அண்ணனைப் பார்க்க. "தம்பி, இதுல என்னா கோளாறுன்னு பாரு" என்று அதை நீட்டினார். அண்ணன் அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்பக்கத்தை அச்சு எடுக்கக் குழலைச் சூடுகாட்டி, வாய்ப்பக்கம் கொஞ்சம், அடிப்பக்கம் கொஞ்சம் ஈயத்தை உருக்கி ஊற்றி, ஆறினதும் இரண்டு துண்டுகளையும் தட்டி எடுத்து மாமனார் கையில் வைத்தார்.

"கோச்சிக்காதீங்க மாமா. இத எதால துலக்கினீங்க?"

"புளியும் செங்கப் பொடியும்தான். ஏன்?"

"உள்ள இருக்கிற வரிதான் குண்ட சுத்தவிட்டு நேரா அனுப்பும். அடிப்பக்கம் நல்லா இருக்குது. கம்பியும் செங்கப் பொடியும் ஒரசி வாய்ப்பக்கம் மொத்தமா தேஞ்சிபோச்சி. குண்டு அது இஷ்டத்துக்குப் போவுது."

அவர் அந்த இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அம்மா வைத்த மோர் அப்படியே இருந்தது. அண்ணன் குரலைத் தாழ்த்தி, "துரு புடிச்சிருந்திச்சின்னு சொல்லிக்கலாம் மாமா" என்றார். அவர் ஈயத்தை மடியில் முடிந்துகொண்டார். துப்பாக்கியை அண்ணனிடம் விட்டுவிட்டுப் போகும்போது அடுக்களைக் கதவருகே நின்றிருந்த என்னைப் பார்த்து, "ஆவணி பொறந்ததும் நானே வந்து இட்டுக்கினு போறேம்மா" என்றார்.

அண்ணன் லீவு நாளெல்லாம் முருங்கை மரத்தடியில் அதோடு மல்லாடினார். குழலுக்குள் நல்ல வரி இருந்த இடத்தில் ஒரு கம்பியின் முனையில் ஈயத்தை வார்த்து, உடைந்த அரத்தில் செய்த சின்னப் பல்லை அதில் பதித்தார். ஈயம் மிஞ்சிய வரியைப் பிடித்துக்கொண்டு சுழன்று வர, பல் அதே தடத்தை வாய்வரை புதிதாகக் கீறிக்கொண்டு வந்தது. கீறல் ஆழமாக ஆழமாகப் பல்லுக்கு அடியில் காகிதம் வைத்து உயர்த்துவார். எண்ணெய் விடுவது நான். எத்தனை முறை இழுத்தார் என்று அவர் தோளுக்குத்தான் தெரியும். கடைசியில் குழலின் உள்வாய் ஒரு மயிரிழை அகலமாகிவிட்டது. குண்டுக்குக் கொஞ்சம் தடித்த துணி சுற்றினால் போதும் என்றார். சுட்டுப் பார்க்க டவுனில் வழியில்லை.

சொன்னபடி ஆவணி முதல் தேதி மாமனார் வந்தார். துப்பாக்கியையும் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு: இதுவும் தப்பினால் என் கதி? வாசலில் வண்டி நின்றது. அத்தை வெறுங்கையோடு நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மாமனார் மடியை அவிழ்த்து இரண்டு துண்டுகளையும் தங்கை கையில் வைத்தார்.

"தடவிப் பாரு. வழவழன்னு இருக்கிறது வாய்ப்பக்கம். தேச்சது என் கை. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நானே தேச்சிக் கெடுத்துக்கினேன். இந்தப் பொண்ணு காலுக்கும் அதுக்கும் ஒண்ணும் கெடையாது. போ, ஜல்தி ஆரத்தி எடுத்துக்கினு வா."

துப்பாக்கி அப்புறம் நேராகச் சுட்டதா என்று கதை கேட்கிற எல்லாரும் கேட்பார்கள். சுட்டது, கார்த்திகை மல்லாட்டை முழுசாக வீடு வந்து சேர்ந்தது. ஆனால் அவர் வாசலில் நின்று அப்படிச் சொன்னபோது அதில் ஒரு குண்டுகூடப் போட்டுப் பார்க்கவில்லை. சுடும், சுடாது என்று தெரிவதற்கு முன்பே சொன்னார். அதற்குத்தான் இத்தனை வருஷமாக மனசுக்குள் அவரைக் கும்பிடுகிறேன்.

அவர் காலத்துக்குப் பிறகு துப்பாக்கியைத் திண்டிவனத்தில் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டோம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் இப்போதும் புளியைக் கரைத்துக்கொண்டு உட்காருகிறேன். விளக்கு, மணி, தாம்பாளம், சொம்பு எல்லாம் பளபளவென்று ஆகிவிடும். அந்த ஈயத் துண்டுகளை மட்டும் துணியால் ஒற்றி எடுத்துப் பொட்டு வைப்பதோடு சரி.