தார்ச்சாலையில் மிதிபட்ட சாமை

எங்கள் ஊரில் அப்போது சாமைக் கதிரை யாரும் அடிப்பதில்லை. தார்ச்சாலையில் பரப்பிவிட்டுப் பேருந்துக்குக் காத்திருப்போம். வளைவை ஒட்டிப் பரப்பினால் வண்டி மெதுவாக ஏறும்; கதிர் நன்றாக மிதிபடும். மாலையில் தாளை உதறி எடுத்துவிட்டு, மணியைக் கூட்டி அள்ளுவோம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். கண்ணமங்கலம் பக்கத்து உணவுக் கம்பெனி ஒன்று முதல்முறையாக எங்கள் ஊருக்கு லாரி அனுப்பியது. அதுவரை சந்தவாசல் வியாபாரிக்கே போட்டுவந்த பெண்களை, வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தவள் என் அம்மா. பதினோரு வீட்டுச் சாமை எங்கள் வாசலில் மூட்டையாக அடுக்கியிருந்தது.

லாரியில் வந்த, தரம் பார்க்கும் அக்கா இரண்டு கை சாமையைக் குண்டானில் போட்டு, தண்ணீர் ஊற்றி அரித்தார். சாமை நழுவிப் போக, அடியில் கறுப்பாகப் பொடிக்கற்கள் தங்கின. அடுத்தடுத்த மூட்டைகளிலும் அப்படியே.

"தார்க்கல்லுங்க. இந்தச் சாமைய எடுத்துக்க முடியாது."

கூட்டத்தில் நின்ற என் அத்தையால் பொறுக்க முடியவில்லை. "இன்னாம்மா பேசற? அந்தக் கடைசி மூட்டைய காத்தால மிதிச்சதே உங்க லாரிதான்! ரிவர்ஸ் வேற எடுக்கச் சொன்னேன். டிரைவரு நல்ல மனுசன், ரெண்டு தபா எடுத்தாரு."

டிரைவர் வானத்தைப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. பதினோரு வீட்டுப் பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திருப்பிட்டா இத என்னக்கா பண்ணுவீங்க?" என்று அந்த அக்கா கேட்டார்.

"வியாபாரி கோவத்துல கீறாரு, வாங்க மாட்டாரு. கோழிக்குக் கொஞ்சம் போடுவோம். மிச்சம் பூச்சி புடிச்சிப் பூடும்," என்றாள் அம்மா.

அந்த அக்கா சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி, கம்பெனிக்குச் செல்போனில் நெடுநேரம் பேசினார். எனக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. "கல் பிரிக்கிற மெஷின்ல ரெண்டு தடவ விடலாம் சார்... குருணைய சத்துமாவுக்கு எடுத்துக்கலாம்... காலி லாரியோட வந்து என்ன சார் பண்றது?"

இறங்கி வந்து, "ஏத்துங்க. ஆனா அடுத்த வருஷம் ரோட்டுல போட்டா லாரி வராதுங்க. தார்ப்பாயும் கதிரடிக்கிற மெஷினும் நாங்களே கொண்டாந்து தர்றோம்," என்றார். கடைசி மூட்டை ஏறிய பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள்.

அத்தையின் வாய்தான் ஜெயித்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சொன்னபடியே தார்ப்பாயும் இயந்திரமும் வந்தபோது, சாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் வேடிக்கை போய்விட்டதே என்று அழுதவர்களில் நானும் ஒருத்தி.

பின்னாளில் பத்திரிகையில் சேர்ந்து, செய்தி சேகரிக்க அதுபோன்ற உணவு ஆலைகளுக்குப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு மூட்டையைக் கழித்துவிட்டால் அதற்கான டீசல், கூலி, இயந்திரம் சும்மா நிற்கும் நேரம் எல்லாமே ஆலைக்கு நஷ்டம். குப்பைக்குப் போகும் தானியத்தை ஆலை வாசலில் தடுப்பதைவிடக் களத்திலேயே தடுப்பது அவர்களுக்கு லாபம். இது தெரிந்தபிறகு அந்த அக்காமீது எனக்கிருந்த நன்றி குறையவில்லை, கூடியது. வெறும் இரக்கமாக இருந்திருந்தால் லாரி அந்த ஒரு வருஷத்தோடு நின்றிருக்கும். எங்கள் சாமை வீணாகாமலிருப்பது அவர்களுக்கும் தேவைப்பட்டது. அதனால் வருஷா வருஷம் வந்தது.

மறு அறுவடையில் அம்மா யார் வீட்டுக்கும் போய்ப் பேசவில்லை. அவர்களாகவே மூட்டையோடு வந்தார்கள். அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஓரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது தெரியவில்லை.