கம்மூனுக்குச் சொன்ன ‘சமத்து’

அலெக்ஸாந்திரியாவின் பாகோஸ் பகுதியில் டிராம் பாதைக்குப் பின்னால் இருக்கும் பழைய கட்டடத்தின் மொட்டைமாடி அறைக்கு நான் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கதவு தட்டப்பட்டது. திறந்தால், ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. வெள்ளை நர்ஸ் உடுப்பின் மேல் கம்பளிச் சட்டை, காலில் வீட்டுச் செருப்பு.

“நீதானே புதுசா வந்த வக்கீல்? தினமும் பேப்பர் வாங்குறியாமே. வாசல் காவல்காரர் சொன்னாரு.”

“ஆமாங்க.”

“படிச்சு முடிச்சதை என்ன பண்றே?”

மடித்து, கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் அப்பாவைப் பொறுத்தவரை பேப்பர் என்பது கடைக்காரர் மிளகு மடித்துக் கொடுக்கும் காகிதம். அதனால் காசு கொடுத்து வாங்கியதை எறிய எனக்கு மனம் வந்ததில்லை.

“எனக்குக் கொடு உஸ்தாத். எங்க வீட்ல ஒருத்தன் இருக்கான். உன் ஒரு வாரப் பேப்பரை ரெண்டு நாள்ல முடிச்சுடுவான்.”

அலெக்ஸாந்திரியாவில் எல்லா வக்கீலையும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. மொத்தக் கட்டையும் தூக்கிக் கொடுத்தேன்.

“அவ்வளவு வேகமா படிப்பாரா?”

“படிக்கிறதில்லப்பா. அதுமேல மூத்திரம் போறான்.”

அவர் பெயர் ரவ்ஹியா. அரசு மருத்துவமனையில் ஆண்கள் வார்டு நர்ஸ். கணவர் இளவயதில் இறந்ததும் அண்ணன் வீட்டுக்கு வந்தவர், நாலாவது மாடியில் அங்கேயே தங்கிவிட்டார். அண்ணி இறந்த பிறகு சமையலும் அவர் தலையில் விழுந்தது. அண்ணன் ஹாஜி பய்யூமி, நீதிமன்ற டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதி உள்ளே வரும்போது “கோர்ட்!” என்று கத்திக் கத்தியே உரத்துப்போன குரல். வீட்டில் உப்பு கேட்டாலும் தெருவில் கேட்கும்.

பேப்பர் தேவைப்பட்ட அந்த ஆள், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கிரிஃபோன் ஜாதி நாய்க்குட்டி. அழுக்கு வெள்ளையில் சுருட்டை முடி, பொத்தான் மாதிரி மூக்கு. ரவ்ஹியாவோடு வேலை பார்த்த டாக்டரம்மா வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. முதுகில் மட்டும் பழுப்புப் புள்ளிகள் தூவினாற்போல் இருந்ததால் கம்மூன் என்று பெயர் வைத்திருந்தார். கம்மூன் என்றால் சீரகம்.

அந்த வீட்டில் கட்டில் அவருடைய அம்மாவுடையது, கெட்டில் அண்ணியுடையது, வாடகைச் சீட்டு அண்ணன் பேரில். ரவ்ஹியா அத்தனை வருஷமாக எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்டது இந்தக் குட்டியைத்தான். ஹாஜி முழங்கால் வலியால் பள்ளிவாசலுக்குப் போக முடியாமல் வீட்டிலேயே தொழுகிறவர். நாய் இருக்கும் வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார்கள் வரமாட்டார்கள் என்று ஒரு நாள் முழுக்க வாதாடிவிட்டு, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்:

“இருக்கட்டும். ஆனா என் தொழுகை விரிப்புல ஒரே ஒரு சொட்டு பட்டாலும் அன்னிக்கே இது வெளியே. இதுதான் நிபந்தனை. மேல்முறையீடு கிடையாது.”

எனக்கு இதெல்லாம் விநோதமாக இருந்தது. எங்கள் ஊரில் நாய் எருமைக் கொட்டகையில் படுக்கும், திருடனைக் கண்டால் குரைக்கும். அது எங்கே போகிறது என்று எவரும் கேட்டதில்லை. சொன்னபோது ரவ்ஹியா சிரித்தார்.

“உங்க ஊர்ல கொட்டகை இருக்கு. எனக்கு ஒரு சமையலறைதான் இருக்கு.”

தெருவுக்குக் கூட்டிப்போகவும் வழியில்லை. ஊசிகள் போட்டு முடியும்வரை மண்ணில் இறக்கக்கூடாது என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். அது போதாதென்று கடல் புயலும் மழையுமாகத் தெருவில் முழங்கால்வரை தண்ணீர் நிறைந்து கிடந்தது. ஆகவே சமையலறை வாசலில் குறுக்கே ஒரு பலகை வைத்து, தரை முழுக்க என் பேப்பரை விரித்தார். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் தூக்கிப் பேப்பர் நடுவில் விடுவார். பேசாமல் நிற்பார். குட்டி நாலு பக்கமும் மோந்து, ஒரு சுற்றுச் சுற்றி, குந்தும். முடித்து நிமிரும் அந்த நொடியில் “சமத்து!” என்பார். கூடவே ஒரு துணுக்குப் பாலாடைக்கட்டி. முன்னால் சொன்னாலும் பிசகு, தாமதித்துச் சொன்னாலும் பிசகு என்பார்.

இத்தனூண்டு உடம்பு, அதற்குள் இன்னும் சின்னதாய் ஒரு மூத்திரப்பை. பெரிய நாய் பொறுக்கிற நேரத்தில் பாதிகூட இது பொறுக்காது. ஒருநாள் நான் பேப்பர் கொடுக்கப் போனபோது பலகையைத் தாண்டிவந்து நடையிலேயே போய்விட்டிருந்தது. உள்ளேயிருந்து ஹாஜியின் குரல்:

“மூக்கைப் பிடிச்சு அதுலயே தேய்! அப்பதான் புத்தி வரும்!”

“வார்டுல படுக்கையை நனைச்ச பெரியவங்க மூக்கையெல்லாம் தேய்ச்சிருந்தா என் வேலை என்னிக்கோ போயிருக்கும் அண்ணே.”

“அவங்க நோயாளிங்க!”

“இவன் குழந்தை.”

தரையை வினிகர் விட்டுத் துடைத்துக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “திட்டு வாங்கின நோயாளி அடுத்த தடவை ஈரத்தைப் போர்வைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்குவான் உஸ்தாத். புண்ணு வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். இதைத் திட்டினாலும் அப்படித்தான், அலமாரிக்குப் பின்னாடி போய்ப் போயிடும். எங்கே போகக்கூடாதுன்னு அதுக்குப் புரியாது. எங்கே போனா நாம சந்தோஷப்படுறோம்னு மட்டும்தான் புரியும்.”

தரை முழுக்க இருந்த பேப்பர் பாதித் தரையானது. பிறகு பால்கனிக் கதவருகே ரெண்டு தாள். கடைசியில் ஒரே தாள். மாடிப்படி ஏறும்போதெல்லாம் நாலாவது மாடியில் “சமத்து!” கேட்கும். வார்டில் இரவுப் பணி முடித்து, கால் வீங்கி வந்த காலைகளிலும் அந்தச் சொல்லில் அலுப்பு இருந்ததில்லை. குளிர் போவதற்குள் பலகையையே எடுத்துவிட்டார். குட்டி எங்கே விளையாடினாலும் அவசரம் என்றால் ஓடிப்போய்த் தன் தாளில் குந்தும். ஹாஜியின் விரிப்பு அவர் அறையில் அத்தனை நாளும் காய்ந்தே கிடந்தது. அவருக்கு அதில் லேசான ஏமாற்றம் என்றுகூட எனக்குத் தோன்றும்.

வசந்த விழாவான ஷம் அந்நஸீம் வந்தது. அன்றைக்கு இந்த நாட்டில் முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லார் வீட்டிலும் ஃபஸீக்தான். மாதக்கணக்கில் உப்பில் ஊறிய மீன். பொட்டலத்தைப் பிரித்தால் அடுத்த தெருவுக்கும் தெரியும். ஹாஜியோடு கோர்ட்டில் எழுத்தராக இருந்த ஃபெல்தாவ்ஸ் வருஷம் தவறாமல் அதை வாங்கிவருவார். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ரவ்ஹியா சாயம் ஏற்றிய முட்டை, வெங்காயத்தாள், கீரை இலை, எலுமிச்சை எல்லாம் தயாராக வைத்திருந்தார்.

அந்த மீனை யாரும் மேஜையில் வைத்துத் தின்பதில்லை. நாற்றம் மரத்தில் ஏறிவிடும். தரையில் கனமாகப் பேப்பர் விரித்து, சுற்றி உட்கார்ந்து தின்றுவிட்டு, முள்ளோடு சுருட்டி எறிந்துவிடுவோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான், என்றைக்கும் அப்படித்தான். அதனால்தான் அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. பேப்பரைக் கொண்டுவந்தது நான். கூடம் முழுக்க விரித்தது ரவ்ஹியா. நாலு பேரும் உட்கார்ந்தோம்.

கம்மூன் சமையலறையில் தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, கூடத்து வாசலுக்கு வந்தது. ஒற்றைத் தாளுக்குப் பழகிப்போன கண்ணுக்கு முன்னால் சுவரிலிருந்து சுவர்வரை பேப்பர். அதன் வால் வேகமாக ஆடியது. மிடுக்காக நடந்துவந்து, மீன் தட்டுக்கும் கீரைக்கும் நடுவில் நின்று, முறைப்படி ஒரு சுற்றுச் சுற்றி, குந்தியது.

யாருடைய கையும் அசையவில்லை. ஃபெல்தாவ்ஸ் வாயில் வெங்காயத்தாள் பாதி உள்ளே, பாதி வெளியே. பேப்பரில் ஈரம் பரவி மீனுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. முடித்த குட்டி நிமிர்ந்து ரவ்ஹியாவின் முகத்தைப் பார்த்துக் காத்து நின்றது.

“சமத்து” என்றார் ரவ்ஹியா.

யோசித்துச் சொல்லவில்லை. பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே திடுக்கென்றது.

“சமத்தா?” ஹாஜி சுவரைப் பிடித்து எழுந்தார். “சோத்துல மூத்திரம் பேஞ்சதுக்குச் சமத்தா? தூக்கு அதை! இன்னிக்கே, இப்பவே, வெளியே!”

நான் வக்கீல் என்ற முறையில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரவ்ஹியா குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கத்தவில்லை.

“நீங்க போட்ட நிபந்தனை என்ன அண்ணே?”

“நிபந்தனையாவது மண்ணாங்கட்டியாவது!”

“தொழுகை விரிப்புன்னு சொன்னீங்க. விரிப்பு உங்க ரூம்ல காஞ்சுதான் கிடக்கு. போய்ப் பாருங்க.”

“மீன்மேல போயிருக்குடி!”

“மீனைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லல.”

ஃபெல்தாவ்ஸ் வெங்காயத்தாளை ஒருவழியாக விழுங்கினார். “சொல்லலதான் பய்யூமி. காப்பிக் கடையில என்கிட்டயும் அப்படித்தான் பெருமையடிச்சே. விரிப்பு மட்டும்தான். மீன் அதுல வரல.”

“நீ யார் பக்கம்யா?”

“மீன் வாங்கிட்டு வந்தவன் நான். நஷ்டப்பட்டவனே புகார் கொடுக்கல. உனக்கென்ன வந்துச்சு?”

ஹாஜி ஏதோ சொல்ல வந்தார். ரவ்ஹியா விடவில்லை. அவர் அண்ணனிடம் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

“பேப்பரைப் பார்த்தா போன்னு சொல்லிக்கொடுத்தது நான். பேப்பரை விரிச்சதும் நான். இவன் சொன்னபடி செஞ்சான். செஞ்சுட்டு, சொன்னபடிதானே செஞ்சேன்னு என் முகத்தைப் பார்க்கிறான். நேத்துவரைக்கும் சமத்துன்னுட்டு, இன்னிக்கு வெளியே போன்னு எப்படிச் சொல்வேன்? சொன்னபடி செஞ்சுக்கிட்டு ஒரு மூலையில இருக்கிறவங்களைத் துரத்துற வீடா அண்ணே இது?”

ஹாஜி நாய்க்குட்டியைப் பார்க்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முழங்காலை இழுத்து இழுத்துத் தன் அறைக்குள் போனார். செருப்பெடுக்கப் போகிறார் என்று நினைத்து நான் வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தவர் கையில் ஒன்றும் இல்லை.

“காஞ்சுதான் இருக்கு” என்றார். உட்கார்ந்தார். “முட்டையை எடு. கழுவி உரிச்சா ஓட்டுக்குள்ள இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது.”

அன்று நாங்கள் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டோம். மார்க்க முறைப்படி தரையை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு என்று ஹாஜி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பால்கனிச் செடித்தொட்டி மண்ணை எடுத்துக் கழுவினார் ரவ்ஹியா. தண்ணீர் ஊற்றியது ஃபெல்தாவ்ஸ். ஒவ்வொரு வாளிக்கும் ஹாஜி கோர்ட்டில் பெயர் கூப்பிடும் குரலில் எண்ணினார்.

பேப்பர் கதை அத்தோடு முடிந்தது. மறுநாள் மீதிக் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார் ரவ்ஹியா. “இனிமே வேணாம் உஸ்தாத். மனுஷங்க தின்கிறதுக்கு விரிக்கிற எதையும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. தப்பு என் பக்கம்.” மருத்துவச் சாமான் கடையில் கட்டிலுக்குப் போடுகிற ரப்பர் ஷீட் வாங்கிவந்து, இடம் பழகும்வரை மட்டும் மேலே எடுத்துவைத்த பேப்பரில் ஒரு தாள் போட்டு, அதை நாளுக்கு நாள் கிழித்துச் சின்னதாக்கி, முதலிலிருந்து தொடங்கினார். கற்றதை மாற்றுவது கற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. நாற்காலியிலிருந்து நழுவி விழுந்த காஸ் பில்லின் மேல்கூடக் குட்டி குந்திவிட்டது. மீண்டும் வினிகர், மீண்டும் சமத்து.

அந்த நாட்களில் ஒருநாள் ஹாஜி என்னைக் கூப்பிட்டுத் தன் அறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு ஆணி அடிக்கச் சொன்னார். தொழுது முடித்ததும் விரிப்பை அதில் மாட்டினார்.

“குட்டிக்குப் பயந்தா ஹாஜி?”

“விரிப்புன்னா ஒரு மரியாதை வேணாமா? நீ சுத்தியலைக் கொடுத்துட்டுப் போ வக்கீலே.”

ஆணி அடித்த பிறகு அந்த நிபந்தனை மீறப்பட வழியே இல்லாமல் போயிற்று. அதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

இப்போது நான் தமன்ஹூர் நகரத்தில் வக்கீல் தொழில் நடத்துகிறேன். ரவ்ஹியா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அதே நாலாவது மாடியில் அண்ணனோடு இருக்கிறார். ஃபெல்தாவ்ஸ் இன்னும் மீன் வாங்கிவருகிறார். வசந்த விழா அன்று அந்த வீட்டில் பிளாஸ்டிக் விரிப்புதான் போடுகிறார்கள். கம்மூனுக்கு ஒரு கண் மங்கிவிட்டது. பால்கனிக் கதவருகே உள்ள ரப்பர் ஷீட்டுக்கு மோந்தே வழி கண்டுபிடிக்கிறது. ரவ்ஹியா கடைக்குப் போன நேரங்களில் ‘சமத்து’ சொல்வது ஹாஜி. தெருவில் டிராமுக்கு நிற்பவர்களுக்குக்கூடக் கேட்கும்.