ஊளையிடாத வண்டி

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. சீச்சீ மெக்கானிக் என்றால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடுவார்கள். எந்தக் காரின் கதவைத் திறந்தாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் அதுதான். வராமல் என்ன செய்யும்? உள்ளே ஏதோ கடகடக்கிறது என்பார்கள். கையை விட்டுத் துழாவினால் பாதி தின்ற பிஸ்கட்டும் பல் குத்திய குச்சியும் வரும். ஒருமுறை சீட்டுக்கடியில் செத்த எலி. மேலே நறுமணப் புட்டி தொங்கவிட்டு, கீழே எலியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்! அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் மூஞ்சிய இப்படித்தான் வச்சிருந்தாரு," என்பாள் அவர் மனைவி.

ஆனால் சத்தத்தைப் பிடிப்பதில் மனுஷர் கெட்டிக்காரர். கண்ணாடியை ஏற்றிவிடுவார், பாட்டை நிறுத்துவார், வண்டிக்காரரை வாயை மூடிக்கொண்டு வரச் சொல்வார். மூன்றாவதுதான் கஷ்டம். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிக்கொண்டே வருவார்கள்.

மரம் அறுக்கும் மில் முதலாளி கொண்டுவந்த காருக்கு அந்தச் சிரமமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் வரும்போதே ஊளை கேட்டது. க்ளட்ச்சை மிதித்தால் அடங்கியது, விட்டால் மறுபடி ஊளை.

"கியர்பாக்ஸ் பேரிங் போச்சு. இறக்கித்தான் மாத்தணும்."

"அதெல்லாம் வேணாம்ணே. சத்தம் மட்டும் அடங்குனா போதும். கொஞ்ச நாள் ஓடுனா சரி."

"அப்புறம்?"

"அப்புறம் அது நம்ம தலைவலி இல்லையே. எங்க அக்காவுக்குக் குடுக்கப்போறேன். அப்பா போனப்புறம் மில்லு எனக்கு, காரு அவளுக்குன்னு பேசி முடிச்சாச்சு. மரத்தூளக் கலந்தா அமுங்கிடும்னு சொல்றாங்களே, தூளுக்கா எங்கிட்ட பஞ்சம்?" சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார்.

சீச்சீ என்றார் மெக்கானிக். ஆயிலில் தூளைக் கலந்தால் ஊளை அமுங்கும், உண்மைதான். பிறகு அது களியாக இறுகும். உள்ளே ஆயில் ஏறாமல் சூடாகி, ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸ் சக்கரங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எதிரிக்குக்கூட ஒருவன் இதைச் செய்யமாட்டான். செத்த எலியே தேவலை என்று தோன்றியது.

"வண்டிய எடுத்துட்டுக் கிளம்புங்க. நீங்க நிக்கிற எடத்தைக் கழுவணும்."

"நீ இல்லேன்னா இன்னொருத்தன்," என்று முதலாளி போய்விட்டார்.

அடுத்த மாதம் அதே கார் வந்தது. பூனை மாதிரி வந்து நின்றது. முதலாளியின் அக்கா இறங்கினாள். பின்சீட்டில் அவள் பிள்ளைகள் மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"டயருக்குக் காத்து மட்டும் பாருங்கண்ணே. நாளைக்கு இதுகளோட மலைக்குப் போறோம். வண்டி நல்லாருக்கு. தம்பி பாத்துப் பாத்துச் சரிபண்ணிக் குடுத்திருக்கான்."

அடுத்த வீட்டு வம்பு நமக்கெதற்கு என்று மெக்கானிக் டயரைத் தடவிக்கொண்டே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்திருந்ததற்கே தன்மேல் அருவருப்பு வந்தது. எழுந்துபோய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நம்பவில்லை. அவர் காருக்கடியில் தட்டை வைத்து, கியர்பாக்ஸின் அடி நட்டைக் கழற்றினார். ஆயில் விழவில்லை. கம்பியால் குத்தியதும் சாணிக்கட்டி மாதிரி ஒன்று தொப்பென்று விழுந்தது.

அவள் குனிந்து அதை விரலால் நசுக்கிப் பார்த்தாள். மில்லில் வளர்ந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தூளுதான். ஆனா தம்பிக்குத் தெரிஞ்சிருக்காது. எந்தப் பாவியோ அவனையும் ஏமாத்திட்டான்," என்றாள். மெக்கானிக்கைப் பார்த்த பார்வையில் அந்தப் பாவி நீதானோ என்ற சந்தேகமும் இருந்தது.

"கேட்டுப் பாரும்மா."

அவள் தம்பியைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, நாளைக்கு மலைக்கு நீயும் வாயேன். நீயே வண்டிய ஓட்டு."

"மில்லுல வேல தலைக்கு மேல கெடக்குக்கா. நீங்க போய்ட்டு வாங்க. வண்டி சும்மா பறக்கும்."

அவள் முகம் தெளிந்தது. பார்த்தாயா என்பதுபோல மெக்கானிக்கைப் பார்த்தாள். "அப்ப உம் பையனையாவது அனுப்பு. நாலு பிள்ளைங்களும் பின்னாடி ஒண்ணா உக்காந்து வரட்டும்."



"அந்த வண்டியில வேணாம்க்கா," என்றான் தம்பி. "அவன நான் பஸ்ல அனுப்பிவைக்கிறேன்."

அவள் போனை அணைத்தாள். காரின் பின்கதவைத் திறந்து, பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள்.