தூங்குமூஞ்சிக்கு ஒரு துணை

என் தம்பிக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஆகாமல் இல்லை, அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை டவுன் பஸ் ஓட்டியவன். ஏறுகிறவன் திட்டுவான், இறங்குகிறவன் திட்டுவான், நடுவில் நிற்கிறவன் பிரேக் போட்டால் திட்டுவான். "ரெண்டு காதும் புளிச்சுப் போச்சு அக்கா" என்பான். ஓய்வு பெற்ற கையோடு, பஸ் போகாத இடமாகப் பார்த்து, காட்டை ஒட்டி பன்னிரண்டு ஏக்கர் மேட்டு நிலமும் ஒரு பழைய வீடும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போனில் நான் அந்தப் பேச்சை எடுத்தால் போதும், "இரு, வக்கீல்கிட்ட கொடுக்கறேன்" என்று போனை நாயிடம் நீட்டிவிடுவான்.

வக்கீல் என்பது நாயின் பெயர். காற்றடித்தாலும் ஆட்சேபணை, அடிக்காவிட்டாலும் ஆட்சேபணை. அது குரைத்து முடிக்கிறவரை போனைப் பிடித்துக்கொண்டிருக்க எனக்கென்ன தலையெழுத்தா? வைத்துவிடுவேன்.

பிறகு குதிரைகள் வந்தன. அவன் பஸ் ஓட்டிய பாதையில் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிற பள்ளி ஒன்று இருந்தது. அதை மூடியபோது நல்ல குதிரைகளையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொண்டுபோனார்கள். வயதான இரண்டு மட்டும் மிஞ்சின. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதேடா" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கல்லுளிமங்கன், கேட்டானா? சாம்பல் நிறப் பெண்குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கும், யாரையும் மதிக்காது. அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தான். செம்பட்டை நிற ஆண்குதிரை நின்றுகொண்டே தூங்கும், கீழுதடு தொங்கும், மகாராணி போகும் இடமெல்லாம் பின்னாலேயே போகும். அது தூங்குமூஞ்சி.

வருஷத்துக்கு இரண்டு முறை நான் போய் சில நாள் இருந்துவிட்டு வருவேன். போனதும் முதல் நாள் அவனுக்குக் குரல் சரியாக எழும்பாது. தொண்டையைச் செருமிச் செருமிப் பேசுவான். சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பான். அவ்வளவு நாளாக வாயைத் திறந்து ஒரு மனிதரிடம் பேசியிருக்க மாட்டான், வேறொன்றுமில்லை. ஆனால் வேலைக்குக் குறைவே கிடையாது. விடிந்ததும் லாயத்தில் சாணம் அள்ளுவான். எட்டுக் குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மடியில் வைத்து, கொக்கியால் மண்ணையும் கல்லையும் தோண்டி எடுப்பான். தொட்டியில் பாசி வழிப்பான், காய்ந்த புல்கட்டைப் பிரித்து இரண்டு இடத்தில் தள்ளித்தள்ளிப் போடுவான், ஒரே இடத்தில் போட்டால் மகாராணி தூங்குமூஞ்சியை விரட்டிவிட்டு இரண்டு பங்கையும் தின்றுவிடும். சிந்தின புல்லுக்குக் காட்டிலிருந்து மான்கள் வரும். வக்கீல் உலகத்தையே எதிர்த்து வாதாடும், மான்களிடம் மட்டும் வாயைத் திறக்காது. கொட்டகை உத்தரத்தில் ஓர் ஆந்தை குடியிருந்தது. அது இவன் மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் தினமும் எச்சமிடும். இவன் ஆந்தையை விரட்டவில்லை, வண்டியை மழையில் நிறுத்தினான். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போன வருஷம் மகாராணிக்கு வயிற்று நோவு வந்தது. குதிரைக்குக் குடல் முறுக்கிக்கொண்டால் பிழைப்பது கஷ்டமாம். தரையைக் காலால் பறித்தது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, விழுந்து புரண்டது. கால்நடை டாக்டரம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, இனிமேல் இழுத்துப் பிடித்தால் அதற்கு வேதனைதான் என்று ஊசி போட்டு முடித்துவைத்து, வேறொரு பண்ணையில் அவசரம் என்று கிளம்பிவிட்டார். தம்பி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். ஆனால் அதற்கு முன்னால் அவன் ஒரு காரியம் செய்திருந்தான். தூங்குமூஞ்சி பார்த்தால் பயந்துபோகுமே என்று அதை லாயத்தில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தான். குழி தோண்டுகிற இயந்திரக்காரன் வந்து, மேட்டோரமாகப் புதைத்து, மண்ணைச் சமன்படுத்திவிட்டுப் போன பிறகுதான் திறந்துவிட்டான்.

நல்ல மனசில் செய்ததுதான். ஆனால் குதிரைக்கு அப்படிச் செய்யக் கூடாதாம். செத்துப்போனதை அதனோடு இருந்த குதிரை பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானே விலகிப் போய்விடும். பார்க்காவிட்டால் துணை எங்கோ போயிருக்கிறது, கூப்பிட்டால் வரும் என்று நினைத்துக்கொள்ளும்.

தூங்குமூஞ்சி கூப்பிட ஆரம்பித்தது. வேலியோரமாகவே மேலும் கீழும் நடந்து, மூலைக்கு மூலை நின்று கனைக்கும். காதை நிமிர்த்திக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கும். மறுபடி நடக்கும். நடந்து நடந்து வேலியோரப் புல் தேய்ந்து மண்பாதை ஆகிவிட்டது. புல்லை வாயில் எடுப்பதில்லை. தம்பி போன் செய்தபோது பின்னால் அந்தக் கனைப்பு எனக்கும் கேட்டது. "அக்கா, என்னாலதான் இப்படி ஆச்சு. எப்படியாவது அதைச் சாப்பிட வைக்கணும். அதுவும் போச்சுன்னா..." என்று நிறுத்திவிட்டான். அவன் வாயிலிருந்து பாதிச் சொல்லில் அறுந்த பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் வீட்டில் ஆளைக் காணோம். சமையலறையில் அடுப்பைத் தொட்டேன், விரலில் தூசி ஒட்டியது. பாத்திரமெல்லாம் எங்கே போனது என்று தேடிக்கொண்டு லாயத்துக்குப் போனேன். அங்கே சுவரோரமாக ஒரு மடக்குக் கட்டில், பக்கத்தில் சின்ன ஸ்டவ், தட்டு, டம்ளர், ஆணியில் அவன் சட்டை. தம்பி ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரே தூங்குமூஞ்சி புல் தின்றுகொண்டிருந்தது. எலும்பு எண்ணுகிற மாதிரி இளைத்திருந்தது. இவனும் அப்படித்தான் இருந்தான்.

"என்னடா கூத்து இது?"

"சத்தம் போடாதே அக்கா. நான் சாப்பிட்டாத்தான் அது சாப்பிடுது. நான் நிறுத்துனா நிறுத்திடுது."

"அப்போ நாள் பூரா தின்னுக்கிட்டே இருப்பியா?"

"மெதுவா சாப்பிடறேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் கலங்கிவிட்டது. குதிரைக்கு ஒரு நாளில் பாதிப் பொழுது தின்கிற வேலைதான். இவன் ஒரு கவளத்தை எவ்வளவு நேரம்தான் மெல்லுவான்?

துணைக்கு ஆடு விட்டால் சரியாகும் என்று டாக்டரம்மா சொன்னாராம். இரவல் வாங்கி விட்டுப் பார்த்திருக்கிறான். அந்த ஆடு இவன் துண்டைத் தின்றது, கடிவாள வாரைத் தின்றது, மோட்டார் சைக்கிள் சீட்டுறையைக் கிழித்தது. குதிரை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு குதிரை வாங்கேன் என்று நான் கேட்டேன். "சின்னதா வாங்குனா அது எனக்கு அப்புறமும் இருக்கும், யார் பார்ப்பா? கிழடா வாங்குனா மறுபடி இதே கதைதான்" என்றான்.

மூன்றாம் நாள் வக்கீலுக்குக் காதில் புண், நகரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியே ஆக வேண்டும். "நான் இருக்கேன், போயிட்டு வா" என்றேன். ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்து, தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, சப்புக்கொட்டி ஆசை காட்டிச் சாப்பிட்டேன். தூங்குமூஞ்சி என்னை உப்புக்குச் சப்பாணியாகக்கூட மதிக்கவில்லை. வாசலைப் பார்த்தபடி ஒரு முறை கனைத்தது, என்னைத் தாண்டி வெளியே போனது, வேலியில் நெஞ்சை வைத்து முட்டியது. கம்பு இரண்டு சடசடவென்று முறிந்தது. நான் கத்தக் கத்த மேட்டில் ஏறிக் காட்டுப் பக்கம் போய்விட்டது.

தம்பி வந்ததும் இருவரும் தேடிப் போனோம். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மரங்களுக்கு இடையே ஒரு வெட்டவெளியில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கொஞ்சம் தள்ளி தூங்குமூஞ்சி நின்றது, நெஞ்சில் ரத்தம் வழிய. நாலடி எடுத்து வைத்து அவற்றின் பக்கம் போகும். மான்கள் ஓடாது, பயப்படாது, அதே நாலடி விலகிப்போய் மேயும். இது நிற்கும், தலையைத் தாழ்த்திப் புல்லில் வாயை வைக்கும், நிமிர்ந்து பார்க்கும், மறுபடி நாலடி போகும். அவையும் விலகும்.

"மானோட சேரப் பாக்குது அக்கா" என்றான் தம்பி. கீழே உட்கார்ந்துவிட்டான். பஸ் ஓட்டி உரமேறிய உள்ளங்கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சின்ன வயதில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டபோதுகூட அழாத பயல். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, தெரிந்த மட்டும் திட்டினேன்.

அன்றே டாக்டரம்மா வந்து நெஞ்சில் தையல் போட்டார். கையைக் கழுவிக்கொண்டே, "சார், நீங்க எவ்வளவு பாசமா இருந்தாலும் நீங்க குதிரை இல்லை. குதிரையைத் தனியா வைக்கவே கூடாது. நாலு குதிரை இருக்கற இடமா பார்த்து அனுப்பிடுங்க. இல்லைன்னா ரொம்ப நாள் தாங்காது" என்றார்.

தம்பி தலையை ஆட்டினான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏம்மா, குதிரைக்கு ஆகாதுன்னு சொல்றீங்க, சரி. மனுஷனுக்கு மட்டும் ஆகுமா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் பாவம், துண்டை மடித்தபடியே நின்றது. "அக்கா, சும்மா இரு" என்றான் தம்பி.

டாக்டரம்மாவே ஓர் இடம் சொன்னார். ஆற்றங்கரையில் ஓர் அம்மாள் வயதான குதிரைகளாகச் சேர்த்து வைத்திருந்தார். தையல் பிரித்ததும் லாரி வந்தது. தூங்குமூஞ்சி லாரியைப் பார்த்ததும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. ஓட்டுநரும் உதவியாளும் இழுத்தார்கள், தட்டினார்கள், புல் காட்டினார்கள். அசையவில்லை. தம்பி தலைக்கயிற்றை அவர்களிடமிருந்து வாங்கினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பலகையில் ஏறி உள்ளே நடந்தான். அது அவன் முதுகில் மூக்கை உரசிக்கொண்டு பின்னாலேயே ஏறிவிட்டது. அதற்கு மேல் பார்க்க முடியாமல் நான் வக்கீலின் காதுக்கு மருந்து போடக் குனிந்துகொண்டேன்.

நாங்களும் லாரியிலேயே போனோம். ஆற்றங்கரையில் அவிழ்த்துவிட்டதும் அங்கிருந்த குதிரைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. ஒன்றையொன்று மோந்தன, சீறின, ஒரு கிழட்டுக் கறுப்புக் குதிரை காலை உதைத்து அதிகாரம் காட்டியது. பிறகு எல்லாம் சேர்ந்து கரைப்பக்கம் இறங்கின. தூங்குமூஞ்சி கறுப்பின் பின்னாலேயே போய், தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தது. தம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"நல்லது" என்றான்.

என்னோடு வந்துவிடு என்று கூப்பிட்டேன். மகன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பது பெரிய காரியமில்லை. "உங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழயே பஸ் நிக்குது" என்றான். சரி, நானாவது இங்கே இருக்கலாமென்றால், மகனும் மருமகளும் விடிந்ததும் வேலைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்ப நான்தான். ஊர் திரும்பினேன். வழியெல்லாம் அவன்மேல் கோபமாக வந்தது, பிறகு யார்மேல் என்றே தெரியாமல் வந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் போன் செய்தான். அவனாகச் செய்வது அபூர்வம்.

"அந்த அம்மா பேசுனாங்க அக்கா. தூங்குமூஞ்சி நல்லா சாப்பிடுதாம். உடம்பு தேறிடுச்சாம்."

"உன்னைத் தேடுதாமா?"

"நானும் கேட்டேன். இல்லையாம்." பெருமையாகத்தான் சொன்னான். பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதல் மார்க் வாங்கியதைச் சொல்கிற குரல்.

"சரி, நீ சாப்பிட்டியா?"

போன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, போனை வெச்சுடாதே. ஒண்ணும் பேச வேண்டாம். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அப்படியே இரு, போதும்."

தட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கரண்டிச் சத்தம். என் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தரையெல்லாம் ஓடியது. மருமகள் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள். வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் மெதுவாகத்தான் சாப்பிட்டான்.